தொகுப்பின் வழியாக ஃபாக்னர்

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரைப் படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே கையில் கொடுக்கப்படும் புத்தகம் பெரும்பாலும் 1929இல் வெளிவந்த 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலாகத்தான் இருக்கும். அது அவருடைய தலைசிறந்த படைப்புகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதலில் படிப்பதற்கு அதைவிடப் பொருந்தாத நூல் அவருடைய பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் உண்டு; அது 1936இல் வந்த 'ஆப்சலம், ஆப்சலம்!'. எங்கள் சிறிய வாசிப்புக் குழு ஃபாக்னரை எடுத்தபோது இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, மால்கம் கௌலி என்ற விமர்சகர் 1946இல் தொகுத்த 'தி போர்ட்டபிள் ஃபாக்னர்' என்னும் தேர்ந்தெடுத்த படைப்புகளின் தொகுதியிலிருந்து தொடங்கினோம். அந்த முடிவு எங்களுக்குக் கைகொடுத்தது. பாதி வழியில் அந்தத் தொகுதியை மூடி வைத்ததும் அதே அளவுக்குக் கைகொடுத்தது. இரண்டுக்குமான காரணங்கள், புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொகுதியின் பின்னணி. 1940களின் நடுப்பகுதியில் ஃபாக்னரின் நூல்களில் அநேகமாக எதுவும் அச்சில் இல்லை. அவர் பணத் தேவைக்காக ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கௌலி அவருடன் கடிதத் தொடர்பு கொண்டு, சிறுகதைகளையும் நாவல்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளையும், எழுதப்பட்ட வரிசையில் அல்லாமல் கதைகள் நிகழும் காலத்தின் வரிசையில் அடுக்கினார். செவ்விந்தியர்களின் நிலம் கைமாறுவதில் தொடங்கி, உள்நாட்டுப் போர், காடு அழிதல், 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளம் என்று நகர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முடிகிற ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கதையாக அது உருவெடுத்தது. 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு, மறு ஆண்டில் ஃபாக்னருக்கு வழங்கப்பட்டது. பரிசுக்குக் காரணம் கௌலிதான் என்று சொல்வது மிகையாகிவிடும். ஆயினும் அமெரிக்க வாசகர்கள் அவரைத் திரும்பிப் பார்த்ததில் இந்தத் தொகுதிக்குப் பெரும் பங்கு உண்டு.

தொகுதி தருகிற முதல் நன்மை, ஊரைத் தெரிந்துகொள்வது. ஃபாக்னரின் பெரும்பாலான கதைகள் யோக்னபடாஃபா என்னும் கற்பனை மாவட்டத்தில் நடக்கின்றன. மிசிசிப்பி மாநிலத்தில் அவர் வாழ்ந்த லாஃபயெட் மாவட்டமே அதன் மூலம், ஆக்ஸ்ஃபர்ட் நகரமே கதைகளில் வரும் ஜெஃபர்சன். 'ஆப்சலம், ஆப்சலம்!' நாவலுக்கு அவரே வரைந்த வரைபடத்தில் பரப்பு 2,400 சதுர மைல் என்றும், வெள்ளையர் 6,298 பேர், கறுப்பினத்தவர் 9,313 பேர் என்றும் குறித்து, கீழே ஒரே உரிமையாளர் என்று தம் பெயரை எழுதி வைத்தார். வேடிக்கைக்காக எழுதியதுதான் என்றாலும் அந்த எண்கள் முக்கியமானவை. அங்கே பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். நிலமும் சட்டமும் சிறுபான்மையினரின் கையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல கதைகளில் வெளிப்படையாகச் சொல்லப்படாத அச்சம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிடும்.

நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம்: காம்ப்சன், சார்டோரிஸ், மக்காஸ்லின், சட்பென், ஸ்னோப்ஸ். யாருக்கு யார் மகன், யார் பேரன், எந்த நிலம் எவரிடமிருந்து எவருக்குப் போயிற்று என்பதை மட்டும் எழுதிக்கொண்டோம். கருப்பொருள், குறியீடு போன்ற எதையும் எழுதவில்லை. பெரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், முதல் சில மாதங்களில் யார் யாருக்கு என்ன உறவு, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று மெல்ல மெல்லத் தெரிந்துகொள்வதுபோலத்தான் ஃபாக்னரையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பெயரைத் தாத்தாவுக்கும் பேரனுக்கும், மாமனுக்கும் மருமகளுக்கும் வைக்கிற ஆசிரியரிடம் இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் காலம் தள்ள முடியாது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்சாவளிப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டாம் என்பது என் பரிந்துரை. சில கதைகளின் உயிரே அந்த உறவு எது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

தொகுதியோடு சேர்த்து, 1950இல் வெளிவந்த 42 கதைகள் கொண்ட 'கலெக்டட் ஸ்டோரீஸ்' நூலிலிருந்தும் சிலவற்றைப் படித்தோம். அதன் முதல் கதையான 'பார்ன் பர்னிங்' தொடக்க வாசகருக்கு மிகவும் ஏற்றது. மளிகைக் கடையில் நடக்கும் ஊர் நீதிமன்றத்தில், பாலாடைக்கட்டியின் மணத்தை முகர்ந்தபடி பசியோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனிடமிருந்து கதை தொடங்குகிறது. அவனுடைய தகப்பன் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுபவன். கோபம் வந்தால் முதலாளியின் களஞ்சியத்துக்குத் தீ வைப்பவன். புதிய முதலாளியின் வீட்டு விலையுயர்ந்த கம்பளத்தின் மேல் வேண்டுமென்றே சாணிக் காலோடு நடந்துவிட்டு, அதற்கு 20 புஷல் சோளம் அபராதம் என்று சொன்ன முதலாளியின் மேலேயே வழக்குத் தொடுத்து, அதைப் பத்தாகக் குறைக்கச் செய்கிறான். அவ்வளவு குறைந்தும் அவனுக்கு ஆறவில்லை. தகப்பனுக்கும் நியாயத்துக்கும் இடையில் சிறுவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதுதான் கதை. நேர்வரிசையில் செல்வதால் ஃபாக்னரின் நடைக்குக் காது பழக இது உதவுகிறது. 1930இல் வெளிவந்த 'எ ரோஸ் ஃபார் எமிலி' கதையை இதற்கு அடுத்துப் படிக்கலாம். அதில் ஊரே 'நாங்கள்' என்று பேசுகிறது, காலவரிசை கலைக்கப்பட்டிருக்கிறது. முடிந்ததும் நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்திப் பார்த்தால், வரி தள்ளுபடியும் துர்நாற்றமும் எலிப் பாஷாணமும் எதன் பிறகு எது என்று தெரியவரும். ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தும் எவ்வளவு தெரியாததுபோல் இருந்துவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் புலப்படும்.

ஃபாக்னர் கடினமானவர் என்று எச்சரிக்கிறவர்கள், அவர் சிரிக்க வைக்கிறவர் என்பதை ஏனோ சொல்வதில்லை. கௌலியின் தொகுதியில் உள்ள 'ஸ்பாட்டட் ஹார்ஸஸ்' பகுதி 1940இல் வந்த 'தி ஹாம்லெட்' நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. டெக்சாஸிலிருந்து முள்கம்பியால் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட காட்டுக் குதிரைகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. வாங்கியவர்கள் பிடிக்கப் போனதும் வேலி திறந்து அத்தனையும் ஊருக்குள் ஓடுகின்றன. ஒரு குதிரை தங்கும் விடுதிக்குள்ளேயே நுழைய, விடுதிக்காரி துணி துவைக்கும் பலகையால் அதன் முகத்தில் ஓங்கி அடித்துப் பலகையை உடைக்கிறாள்; தையல் இயந்திரம் விற்கும் ரேட்லிஃப் ஜன்னல் வழியாகக் குதிக்கிறார். இதைச் சத்தமாகப் படித்தபோது எங்கள் குழுவில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து வருவதைப் படித்தபோது சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டியிருந்தது. மனைவி நெய்து சேர்த்த ஐந்து டாலரைக் கொடுத்து ஆர்ம்ஸ்டிட் என்ற ஏழை ஒரு குதிரையை வாங்கியிருக்கிறான். காலும் உடைந்து கிடக்கிறான். அவனுடைய மனைவி, குதிரைகளை விற்ற டெக்சாஸ்காரனோடு ஊருக்கு வந்த ஃப்ளெம் ஸ்னோப்ஸிடம் வந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறாள். பணத்தை டெக்சாஸ்காரன் கொண்டுபோய்விட்டான் என்கிறான் அவன். பிறகு கடைக்குள் போய், ஒரு சிறிய மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு என்று கொடுக்கிறான். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறாள். ஒரு சமூகத்தில் புதிய பணக்காரன் எப்படி உருவாகிறான் என்பதை இந்த ஒரு பொட்டலத்தைவிடக் கூர்மையாகச் சொன்ன எழுத்து எனக்குத் தெரியாது.

தொகுதியின் நடுநாயகம் 'தி பேர்' (கரடி) என்னும் குறுநாவல். 1942இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' நூலின் பகுதியான இதில் ஐந்து பிரிவுகள் உண்டு. அதே ஆண்டு வார இதழ் ஒன்றில் வெளியான வடிவத்தில் நான்காம் பிரிவு கிடையாது. அப்படிப் படித்தால் அது அழகான வேட்டைக் கதை மட்டுமே. கௌலி ஐந்து பிரிவுகளையும் முழுமையாகச் சேர்த்திருந்தார். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான்காம் பிரிவில், ஐக் மக்காஸ்லின் என்னும் இளைஞன் தன் குடும்பத்தின் பண்ணைக் கடையில் இருந்த பழைய பேரேடுகளைப் படிக்கிறான். அவனுடைய தகப்பனும் பெரியப்பனும் தப்பும் தவறுமான எழுத்தில், மாறி மாறிக் குறித்து வைத்தவை அவை. யூனிஸ் என்ற அடிமைப் பெண் 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கப்பட்டாள். 1832ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஓடையில் மூழ்கி இறந்தாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதன் கீழே மற்றவர், அவள் தானே மூழ்கினாள் என்று 1833 ஜூன் மாதத் தேதியிட்டு எழுதுகிறார். இரண்டு நாள் கழித்து முதலாமவர், ஓர் அடிமை தற்கொலை செய்துகொண்டதாக எவன் கேள்விப்பட்டிருக்கிறான் என்று எரிச்சலோடு எழுதுகிறார். ஆகஸ்டில் மற்றவர் மறுபடியும் அதே சொற்களை மாற்றமின்றி எழுதி முடிக்கிறார். ஏன் அப்படி நினைத்தார் என்ற கேள்வி ஐக்கைப் பிடித்துக்கொள்கிறது. யூனிஸின் மகள் டோமி 1833 ஜூனில் பிரசவத்தில் இறந்தாள். அவளுக்குப் பிறந்த மகனுக்குப் பெரிய முதலாளியான ஐக்கின் பாட்டன் தன் உயிலில் 1,000 டாலர் எழுதி வைத்தார். தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போதுதான் உண்மை வெளிவருகிறது: டோமி அந்தப் பாட்டனின் மகள், டோமியின் பிள்ளைக்கும் தகப்பன் அவரே. மகளுக்கு நேர்ந்ததை அறிந்த தாய் ஓடையில் இறங்கியிருக்கிறாள். மகனே என்று அழைக்க மனம் வராத இடத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டார் பாட்டன் என்று ஐக் எண்ணுகிறான். 21 வயதில் தனக்கு வரவேண்டிய நிலத்தை அவன் வேண்டாமென்று மறுப்பதற்கு இந்தப் பேரேடுதான் காரணம்.

இந்தப் பகுதியை நாங்கள் விரைந்து படிக்கவில்லை. பேரேட்டுக் குறிப்புகளை மட்டும் அப்படியே ஒரு தாளில் எழுதி, யார் எதை எழுதினார் என்று இரு வண்ணங்களில் பிரித்து, விளக்கம் எதையும் பாராமல் நாங்களே கணக்குப் போட்டோம். குழுவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஆங்கில இலக்கியம் படித்த எங்களைவிட அவர்தான் முதலில் விடையைக் கண்டார். "சார், ஒரே விஷயத்தை ஒருவன் இரண்டு முறை பதிவு போட்டிருந்தால் அங்கே எதையோ சரிக்கட்டியிருக்கிறான் என்று பொருள், முன்பின் பக்கங்களைப் பாருங்கள்" என்றார். ஃபாக்னரை வாசிப்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் எனக்கு எந்த ஆய்வு நூலிலும் கிடைக்கவில்லை. அவர் மறைத்து வைப்பது பெரும்பாலும் தத்துவத்தை அல்ல, தகவலை. அந்தத் தகவலும் வேறொரு பக்கத்தில், சில வேளை வேறொரு நூலில், வைக்கப்பட்டிருக்கும்.

நான்காம் பிரிவின் வாக்கியங்கள் பக்கக் கணக்கில் நீள்கின்றன; அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வருகிறது. அகராதியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் நூலைப் பின்தொடர்வது என்று வைத்துக்கொண்டோம். படிப்பவரின் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் பொருளும் பிரிகிறது. இது அல்ல, இதுவும்கூட அல்ல, மாறாக இது என்று அடுக்கிக்கொண்டே போவது அவருடைய வழக்கம். மறுப்புகளைத் தாண்டி அந்த 'மாறாக' எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுவிட்டுத் திரும்பி வந்தால், முன்னால் மறுக்கப்பட்டவையும் விளங்கும். இரண்டு மூன்று முறை படித்தும் புரியவில்லை என்கிறார்களே என்று ஒரு நேர்காணலில் கேட்டபோது, நான்காம் முறை படிக்கச் சொல்லுங்கள் என்றார் ஃபாக்னர். அது கிண்டல் மட்டும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

இனி, தொகுதியை ஏன் மூடினோம் என்பது. காலவரிசையில் அடுக்கியதால் ஃபாக்னர் ஒரு மாவட்டத்தின் சரித்திரத்தை எழுதியவர்போலத் தோன்றத் தொடங்கினார். அவர் செய்ததோ நேர்மாறானது: கடந்த காலத்தை அதன் இடத்தில் இருக்க விடாமல், நிகழ்காலத்தில் வாழ்பவனின் தலைக்குள் கொண்டுவந்து போட்டார். 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலின் நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியை மட்டும் 'டில்சி' (அந்த வீட்டின் கறுப்பினச் சமையல்காரியின் பெயர்) என்று எடுத்துச் சேர்த்திருக்கிறார் கௌலி. முன்னுள்ள மூன்று பகுதிகளின் புழுக்கத்தில் இருந்துவிட்டு அங்கே வருகிறவருக்குக் கிடைக்கும் வெளிச்சம், நேராக அங்கே இறங்குகிறவருக்குக் கிடைக்காது. 'லைட் இன் ஆகஸ்ட்' நாவலிலிருந்து பெர்சி கிரிம் என்பவன் ஜோ கிறிஸ்மஸைத் துரத்திக் கொல்லும் அத்தியாயத்தையும் பிரித்தெடுத்திருக்கிறார். கொல்லப்படுகிறவன் யார், தன்னுடைய இனம் எது என்று தெரியாமலேயே அவன் எப்படி வாழ்ந்தான் என்பதெல்லாம் தெரியாமல் அதைப் படித்தால், எஞ்சுவது கொலைகாரனின் சித்திரம் மட்டுமே.

'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலில் வரும் காம்ப்சன் குடும்பத்தைப் பற்றி ஃபாக்னர் இந்தத் தொகுதிக்கென்றே புதிதாக எழுதிக் கொடுத்த பின்னிணைப்பைக் கடைசியில் படியுங்கள். 1946இலேயே நாவலின் மறுபதிப்பு ஒன்றில் அதை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய பதிப்பு கிடைத்தாலும் அதைத் தாண்டி நாவலுக்குப் போய்விடுவது நல்லது. நாவலில் மரத்தின் வழியாக இறங்கி ஓடும் பெண், பின்னிணைப்பில் மழைநீர்க் குழாய் வழியாக இறங்குகிறாள். திருடுபோன தொகையும் ஒத்துப்போவதில்லை. கௌலி சுட்டிக்காட்டியும் முரண்பாடுகள் அப்படியே நின்றன. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களை நினைத்துப் பார்க்கும்போது அவர்கள் மாறியிருப்பார்கள் என்றுதான் ஃபாக்னர் எடுத்துக்கொண்டார்போலும்.

முழு நாவலுக்கு வந்தபோது, முதல் பகுதியான பென்ஜியின் பகுதியைக் கடக்க எங்களுக்கு உதவியது ஒரே ஒரு சிறு உபாயம். பென்ஜிக்கு வயது 33, மனவளர்ச்சி இல்லாதவன், அவனுக்கு நேற்றும் இன்றும் ஒன்று. காலம் மாறுகிற இடங்கள் சாய்வெழுத்தால் காட்டப்பட்டாலும் அது போதுமானதாக இல்லை. அதைவிட உறுதியான அடையாளம், அவனைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினப் பையன் யார் என்பது. வெர்ஷ் இருந்தால் பென்ஜியின் குழந்தைப் பருவம், டி.பி. இருந்தால் இளமைக் காலம்; லஸ்டர் இருந்தால் 1928 ஏப்ரல் 7. ஓரத்தில் பென்சிலால் இந்த மூன்று பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டே போனோம். பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது. குவென்டின் என்ற பெயர் மாமனுக்கும் மருமகளுக்கும் பொது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தவறில்லை.

தொடக்கக் காட்சியைத் திரும்பப் படித்தபோதுதான் அதன் கொடுமை தெரிந்தது. வேலிக்கு அப்பால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் மட்டைப் பையைச் சுமக்கும் பையனைக் 'கேடி' என்று கூப்பிடுகிறார்கள். பென்ஜி முனகத் தொடங்குகிறான். வீட்டைவிட்டுப் போய்விட்ட அவனுடைய அக்காவின் பெயர் கேடி. அந்த மைதானமோ அவனுக்குப் பிடித்தமான மேய்ச்சல் நிலமாக இருந்தது. அண்ணனை ஹார்வர்டுக்கு அனுப்புவதற்காக விற்கப்பட்டது. நிலமும் அக்காவும் போன இடத்திலிருந்து அவளுடைய பெயர் மட்டும் நாள்தோறும் அவன் காதில் விழுகிறது. இவை எதையும் பென்ஜியால் சொல்ல முடியாது. லஸ்டர் அவனை அதட்டி அடக்குவதை மட்டுமே முதல் வாசிப்பில் காண்கிறோம்.

1930இல் வந்த 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலுக்கு இத்தனை உபாயங்கள் தேவையில்லை. பதினைந்து பேர் மாறி மாறிப் பேசும் 59 பகுதிகள். தலைப்பே பேசுபவரின் பெயர். தாயின் சடலத்தைச் சுமந்து செல்லும் குடும்பத்தின் பயணம் என்பதால், அதிக இடைவெளி விடாமல் ஓரிரு வாரங்களுக்குள் படித்து முடிப்பது நல்லது.

ஃபாக்னரின் மொழியில் இனவெறிச் சொற்கள் தாராளமாக வருகின்றன என்பதையும், அவருடைய பொது நிலைப்பாடுகள் கதைகளைவிடத் தயக்கம் மிக்கவை என்பதையும் குழுவாகப் படிக்கிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 1956இல், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிப்பதில் வட மாநிலத்தவர்கள் சற்று நிதானிக்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அதற்கு மிகக் கடுமையான மறுப்பு எழுதினார். பால்ட்வினின் அந்தக் கட்டுரையை 'கோ டவுன், மோசஸ்' முடிந்த கையோடு படித்தோம். பேரேட்டின் உண்மையை எழுதத் துணிந்தவர், அதற்கான ஈடு உடனே வேண்டும் என்ற கோரிக்கையின் முன் தயங்கி நின்றார் என்பதை நான் மன்னிக்கவில்லை; நூலைக் கீழே வைக்கவும் இல்லை.

மெம்பிஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ஆக்ஸ்ஃபர்டுக்கும் சென்று வந்தேன். 1930இல் ஃபாக்னர் வாங்கிய ரோவன் ஓக் வீடு இப்போது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அவருடைய அறையின் சுவரில் 'எ ஃபேபிள்' நாவலின் திட்டத்தைக் கிழமை வாரியாக அவர் எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது. புலிட்சர் பரிசு பெற்ற நாவல்தான். யோக்னபடாஃபாவுக்கு வெளியே, முதல் உலகப் போர்க்கால பிரான்சில் நிகழ்வது. சுவரில் அவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்ட அந்த நூல்தான், நான் படித்தவற்றில் உயிர் குறைந்தது. தொடக்க வாசகர்கள் அதையும், 1927இல் வந்த 'மஸ்கீட்டோஸ்' நாவலையும் தயங்காமல் தள்ளி வைக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நாவல்களைத் தனித்தனியே வாங்குவதானால் நோயல் போல்க் என்னும் ஆய்வாளர் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், பழைய அச்சுகளில் பதிப்பாசிரியர்கள் செய்த மாற்றங்கள் அவற்றில் களையப்பட்டிருக்கின்றன. கௌலியின் தொகுதி பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் எந்தப் பதிப்பானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குழு இப்போது ஸ்னோப்ஸ் குடும்பத்தின் மூன்று நாவல்களில் இரண்டாவதான 'தி டவுன்' நூலில் இருக்கிறது. மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்த ஃப்ளெம் இதில் வங்கியின் தலைவராகப் போகிறான் என்பதால், எங்கள் வங்கி நண்பர் அடுத்த கூட்டத்தை அவரே நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.